மேஸ்திரி கொத்திய சுவர்

பெயிண்டர் வீட்டுக் கொல்லைச் சுவரைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிற மனுஷன் அவர். ஏணியில் ஏறிவிட்டால் பசிகூடத் தெரியாது. ஒரு சொட்டு கீழே சிந்திவிட்டால் தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார். அவர் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரோ அடிப்பக்கமெல்லாம் பெயர்ந்து, தேமல் விழுந்த முகமாக நின்றது. காரணம், அவர் மனைவி வளர்த்த கோழிகளில் மூத்தவள். விடிந்ததும் சுவரோரமாக நடந்து, டொக் டொக்கென்று தட்டிப் பார்த்துக்கொண்டே போவாள். வேலை சரியில்லை என்று சொல்ல வந்தவள் மாதிரி இருக்கும். அதனாலேயே அவளுக்கு 'மேஸ்திரி' என்று பெயர் விழுந்தது.

பெயிண்டருக்கு மானம் போயிற்று. ஒரு நாள் மிச்சமிருந்த சுண்ணாம்பையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, கடையிலேயே உசத்தியான பிளாஸ்டிக் பெயிண்ட்டை வாங்கிவந்து பூச்சுமேல் பூச்சாக அடித்தார். சுவர் பளபளத்தது.

"இப்பக் கொத்துடி பார்க்கலாம்!" என்று மேஸ்திரியிடம் சவால் விட்டார்.

கொஞ்ச நாளில் மேஸ்திரியின் முட்டை சொரசொரவென்று வந்தது. பிறகு ஓடு மெலிந்து, விரல் பட்டாலே விரிசல் விட்டது. ஒரு காலை, கூடைக்குள் கைவிட்ட மனைவி வீல் என்று கத்தினாள். ஓடே இல்லை! மேல்தோல் மட்டும் மூடிய தோல்முட்டை அவள் உள்ளங்கையில் கொழகொழவென்று ஆடியது.

அன்று வீட்டுக்கு வந்திருந்த அவள் அண்ணன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வயசாயிடுச்சு மாப்ளே. இனிமே தீனிக்குத்தான் கேடு. ஞாயித்துக்கிழமை வர்றேன், அடிச்சிடலாம்."

மனைவி மேஸ்திரியைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். மேஸ்திரி குஞ்சாக இருந்தபோது மழையில் விறைத்துக் கிடந்ததை மடியில் வைத்துப் பிழைக்க வைத்தவள் அவள். கண் கலங்கியதைப் பார்த்ததும் பெயிண்டருக்குத் தாங்கவில்லை. மேஸ்திரியைக் கூடையில் போட்டுக்கொண்டு, மனைவியோடு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா கோழியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கட்டி, சீக்கு எதுவும் தெரியல. முட்டை போடற வயசும் தாண்டல. ஓடு செய்ய சுண்ணாம்புச் சத்து பத்தல, அதான். வெறும் அரிசி நொய்யில அது கிடைக்காது. ஆனா இத்தனை நாள் எங்கிருந்தோ கிடைச்சிருக்கு. சமீபத்துல எதையாச்சும் மாத்தினீங்களா?"

"ஒண்ணுமே மாத்தலைங்க" என்றாள் மனைவி.

பெயிண்டர் தன் நகத்தைப் பார்த்தார். இடுக்கில் இன்னும் பெயிண்ட் இருந்தது.

"ஐயோ, சுவரு!" என்று அவர் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்த நாய்களெல்லாம் குரைத்தன. "என் வேலையைக் கொறை சொல்ல வந்தவள்னு நெனச்சேன்டி, அவ சாப்பிட வந்திருக்கா! சோத்துப் பானையையே மூடிட்டேனே!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுக்காகப் பெயிண்ட்டைச் சுரண்டிடாதீங்க, துண்டு துண்டா அது வயித்துக்குள்ள போயிடும். கிளிஞ்சலை இடிச்சுத் தனியா ஒரு தட்டுல வைங்க. வேணுங்கிறதை அதுவே தின்னுக்கும்."

கோழியை மனைவி கையில் கொடுத்துவிட்டு, பெயிண்டர் கிளிஞ்சல் சுடுகிற சுண்ணாம்புக் காளவாய்க்கு ஒரே ஓட்டமாக ஓடினார்.

"பெயிண்ட் வந்ததும் எங்களை மறந்துட்டே. மறுபடியும் சுண்ணாம்படிக்கிறியாப்பா?" என்றார் காளவாய்க்காரர்.

"அடிக்க இல்லண்ணே, கோழி தின்ன! சுடாத கிளிஞ்சலாக் குடுங்க!"

வீட்டுக்கு வந்து இடித்துத் தட்டில் வைத்தார். மேஸ்திரி பழக்க தோஷத்தில் முதலில் சுவரைத்தான் கொத்தினாள். அலகு வழுக்கியது. பிறகு தலையைச் சாய்த்துத் தட்டைப் பார்த்தாள். ஒரு கொத்து. இன்னொரு கொத்து. அப்புறம் தலையே நிமிரவில்லை.

"திங்கிறாடி! திங்கிறா!" என்று மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தினார் பெயிண்டர்.

மறுநாளும் தோல்முட்டைதான். அதற்குப் பிறகு முட்டையே இல்லை. இருவருக்கும் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் பையும் கையுமாக வந்து நின்றார். பெயிண்டர் வாயெடுப்பதற்குள் கூண்டிலிருந்து மேஸ்திரியின் கொக்கரிப்பு கேட்டது. மூன்று பேரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

கூடையில் ஒரு முட்டை, இளஞ்சூட்டோடு. மனைவி பயந்து பயந்து அழுத்தினாள். அமுங்கவில்லை!

"எங்க, குடு" என்று வாங்கிய அண்ணன், நம்பாமல் பக்கத்திலிருந்த சுவரில் தட்டினார். டொக். உடையவில்லை. ஓங்கித் தட்டினார். ஓடு பிளந்து, மஞ்சள் கரு பளபளத்த பெயிண்ட்டில் நீளமாக வழிந்தது.

அண்ணன் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மனைவி சிரிப்பும் அழுகையுமாகத் துணி எடுக்க ஓடினாள்.

"துடைக்காதடி!" என்று குறுக்கே பாய்ந்தார் பெயிண்டர். "அது அப்படியே இருக்கட்டும்."