இந்திராதேவி மலைக்குப் போன மூன்று நாள்

கியூபெக்கின் பார்க் எக்ஸ்டென்ஷனில் கண்ணில் ஏதாவது என்றால் சனம் கடவுளைக் கூப்பிட முதல் இந்திராதேவியைத்தான் கூப்பிடும். அவர் டொக்டர் இல்லை. அக்காடி மெட்ரோவுக்குக் கிட்ட உள்ள கண் கிளினிக்கில் ரெலிபோன் எடுப்பவர், கண்ணாடி பொருத்துபவர், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுபவர், அழுகிற பிள்ளைக்கு இனிப்புக் கொடுப்பவர். இருபத்திரண்டு வருடமாக ஒரே கதிரை. தமிழ், பிரெஞ்சு, இங்கிலிஷ் மூன்றும் சரளம். பஞ்சாபிச் சனத்தோடு பாதி வாயாலும் பாதி கையாலும் சமாளித்துவிடுவார்.

ரெலிபோனில் அவருக்கு ஒரு முறை இருந்தது. யாராவது எடுத்து, "கண் ஒரு மாதிரியாக் கிடக்கு, அடுத்த மாதம் நேரம் இருக்கோ?" என்று கேட்டால் உடனே நேரம் கொடுக்கமாட்டார். மூன்று கேள்வி கேட்பார். மின்னல் மாதிரி வெட்டுதோ? நுளம்பு மாதிரி ஏதும் பறக்குதோ? ஒரு பக்கத்தால திரை இழுத்த மாதிரி மறைக்குதோ? மூன்றில் ஒன்றுக்கு ஓம் என்றாலும் சரி, "வேலையை விட்டிட்டு இப்பவே வாங்கோ" என்பார். அந்த அதட்டலுக்குப் பயந்து ஓடிவந்து கண் தப்பியவர்கள் ஒன்பது பேர். கிரேக்கப் பேக்கரிக்காரர் ஒருவர் பத்து வருடமாகியும் ஈஸ்டருக்கு இனிப்பு ரொட்டி கொண்டுவந்து கொடுக்கிறார். விழித்திரை கழலத் தொடங்கினால் நாள் கணக்கில்லை, மணிக் கணக்குத்தான். நடுப்பகுதி கழல முதல் பிடித்தால் பார்வை நிற்கும். பிந்தினால் போனது போனதுதான்.

இப்படிப்பட்ட மனுசியின் வீட்டில்தான் இது நடந்தது என்றால் யாரைக் கோபிப்பது? வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள்!

அவருடைய புருசன் குணரத்தினம். வயது அறுபத்தொன்று. லாசாலில் ஒரு தொழிற்சாலையில் மருந்துப் பெட்டிகளில் ஒட்டிய லேபிள் சரியா, எழுத்து மங்கலா என்று பார்க்கிற வேலை. எட்டு வயதில் கிட்டிப்புள் விளையாட்டில் கிட்டி பட்டு இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணுக்கும் போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடி. அந்தக் கண்ணாடியை ஒவ்வொரு முறையும் இந்திராதேவியே தெரிவு செய்து, தன் கையாலேயே சூடு காட்டி வளைத்துப் பொருத்துவார். "எனக்கு ஒரு கண்தான் பார்வை, மற்றக் கண் இவ" என்று குணரத்தினம் ஆட்களுக்கு முன்னால் பகிடி விடுவார். இந்திராதேவிக்கு வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

போன மாசி மாதம் லோரன்ஷியன் மலைப்பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கண் மருத்துவத்துறை ஆட்களுக்கு ஒரு மாநாடு வைத்தார்கள். சனி, ஞாயிறு, திங்கள். காலையில் வகுப்பு, பத்தரைக்குப் பிறகு ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு, பின்னேரம் திரும்ப வகுப்பு. படிப்பும் ஆச்சு, விடுமுறையும் ஆச்சு என்று வருடா வருடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிளினிக் டொக்டர் நிஷான் இங்கேயே பிறந்த பெடியன். முப்பத்தெட்டு வயது, ஸ்கீ என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவன்தான் வந்து நின்றான்.

"இந்திரா அன்ரி, நீங்களும் வாறீங்கள். உதவியாளருக்கு ஒரு செஷன் இருக்கு. ரெலிபோன்ல அந்த மூண்டு கேள்வி கேப்பீங்களே, அதைப் பத்தி நீங்கள் பதினைஞ்சு நிமிஷம் பேசுறீங்கள். நான் பேர் குடுத்திட்டன்."

"உனக்கென்ன விசரே? நான் மேடையில ஏறிப் பிரெஞ்சில பேசுறதோ?"

ஆனால் உள்ளுக்குள் அவருக்குப் பால் வார்த்தது போல இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் அவரைப் பேசச் சொன்னதில்லை. குணரத்தினம் விடவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் இருந்து, பாதிதான் விளங்கிய பிரெஞ்சுப் பேச்சை ஏழு தரம் கேட்டார். ஒவ்வொரு தரமும் கை தட்டினார். பனிக்கு என்று நீலச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். மகள் சிவாஜினி ஒட்டாவாவில் இருந்து போன் எடுத்து, "அம்மா, ஸ்கீயில காலை முறிச்சுக்கொண்டு வராதேங்கோ" என்று சிரித்தாள்.

வெள்ளி பின்னேரம் நிஷானின் காரில் ஏறிப் போனார். அன்றிரவே குணரத்தினத்தின் வலது கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது.

அவர் சொல்லவில்லை. அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்ட ஆளுக்கு இடையில் கெட்ட சேதி சொல்லக்கூடாது. காரியம் முடிந்து, வீட்டுக்கு வந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். குணரத்தினத்தின் தகப்பன் செத்த சேதியைக்கூட இந்திராதேவி அவர் சோதனை எழுதி முடித்து வரும்வரைக்கும் வாய்க்குள் வைத்திருந்தவர். நாளைக்கு மனுசி மேடையில் ஏறப் போகிறாள், இப்போது போய் மின்னல் கின்னல் என்று சொல்வதா? லைட்டை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

சனி காலை இந்திராதேவி பேசினார். முதல் இரண்டு நிமிடம் நா ஒட்டிக்கொண்டது. பிறகு கிளினிக் ரெலிபோன் கையில் இருக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு பேசினார். "சனம் உண்மையை முதல் வசனத்தில் சொல்லாது. எட்டாவது வசனத்தில்தான் சொல்லும். அதனால் பேசவிடுங்கள், பேந்து கேளுங்கள். ஆரெண்டாலும் கேளுங்கள், கேக்காமல் விடாதேங்கோ" என்ற கருத்தைப் பிரெஞ்சில் சொல்லி முடித்தபோது எண்பது பேர் கை தட்டினார்கள். கியூபெக் சிற்றியில் இருந்து வந்த ஒரு பெண் அவருடைய கேள்விகளைத் தன் கிளினிக் சுவரில் ஒட்டப் போவதாகச் சொன்னாள். இந்திராதேவி கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். சந்தோசத்தில்தான்.

பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்தார். ஹோட்டல் வரவேற்பறையில் ஒரே சிரிப்பும் சத்தமும். குணரத்தினம் முழுவதையும் கேட்டார். எத்தனை பேர் தட்டினார்கள், என்ன சாப்பாடு, குளிர் எப்படி. பிறகுதான் சொன்னார்.

"இஞ்சாரும், நேற்றிலயிருந்து கண்ணுக்குள்ள நுளம்பு பறக்கிற மாதிரிக் கிடக்கு."

"அது வயசு. கண்ணாடியை ஒருக்காத் துடையுங்கோ. திங்கள் வந்து பாக்கிறன்."

"ஓம் ஓம், அவசரமில்லை. நீர் நாளைக்கு ஸ்கீ போறீரோ?"

"நிஷான் விடமாட்டானாம்" என்று இந்திராதேவி சிரித்தார். பேச்சு அதோடு ஸ்கீக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பழகுநர் சரிவில் நீலச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வாடகைக்கு எடுத்த பெரிய பூட்ஸ் போட்டு, பத்து அடி வழுக்கி, விழுந்து, எழும்பி, திரும்ப விழுந்தார். அந்த நாட்டில் இருபத்தெட்டு வருடமாகப் பனியை வாரி ஒதுக்கியிருக்கிறாரே தவிர, அதன் மேல் விளையாடியதில்லை. நிஷான் படம் எடுத்து அனுப்பினான். குணரத்தினத்திடமிருந்து குரல் செய்தி வந்தது. "நல்ல வடிவாயிருக்கிறீர். கவனம்." ஆனால் மனுசன் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை. அன்று விடியவே கீழ்ப் பக்கத்தில் இருந்து ஒரு கறுப்பு மேலே ஏறத் தொடங்கி, மத்தியானம் நடுவுக்கு வந்துவிட்டது. எமர்ஜென்சிக்குப் போகலாம் என்று சப்பாத்துக்கூடப் போட்டாராம். பதினாலு மணித்தியாலம் காத்திருந்து, அரைகுறைப் பிரெஞ்சில் என்னத்தைச் சொல்கிறது? வீட்டிலேயே கண் கிளினிக் இருக்கு, நாளைக்கு வந்துவிடுவாதானே என்று சப்பாத்தைத் திரும்பக் கழற்றிவிட்டாராம். அட பாவி மனுசா! ஒரு போன், ஒரேயொரு போன்.

திங்கள் நாலு மணிக்கு இந்திராதேவி படியேறி வந்தார். குணரத்தினம் கதவைத் திறந்து, கோழி பார்க்கிற மாதிரித் தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு நின்றார்.

"முதல் வந்து தேத்தண்ணியைக் குடியும்" என்றார். கோப்பைக்குப் பக்கத்தில் மேசை முழுவதும் தேத்தண்ணி சிந்தியிருந்தது.

இந்திராதேவிக்கு வேறு ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை. பையைக் கீழே போட்டார். நிஷான் இன்னும் தெருமுனைகூடத் தாண்டவில்லை, அவனைத் திரும்பக் கூப்பிட்டார். கிளினிக்கைத் திறந்து, கண்ணுக்கு மருந்து விட்டு, நிஷான் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். கனநேரம் பார்த்தான்.

"அன்ரி, நடுப்பகுதியும் கழண்டிட்டுது" என்றான். அவனால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவே பெரியாஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை அறுவை. விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்து, இரண்டு கிழமை முகத்தைக் கவிழ்த்தபடியே இருக்கச் சொன்னார்கள். மேசையில் தலையணை வைத்து, நெற்றியை அதில் ஊன்றி, நிலத்தைப் பார்த்தபடி குணரத்தினம் இருந்தார். இந்திராதேவி கீழே இருந்து சோற்றைக் குழைத்து ஊட்டினார். சிவாஜினி லீவு போட்டு வந்து நின்றாள். பங்குனியில் வடு இழுத்து விழித்திரை திரும்பக் கழன்றது. திரும்ப அறுவை. சித்திரையில் கண்கட்டை அவிழ்த்தபோது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

இந்த நாட்களில் ஒரு தரமும் குணரத்தினம் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். சண்டையாவது பிடித்திருக்கலாம். மகள் கேட்டபோதும், "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை பிள்ளை, என்ர விசர்" என்றுதான் சொன்னார். இந்திராதேவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு, வாய் திறக்காமல், பாத்திரம் கழுவப் போனார். அந்த வெட்கம் அவரைத் தின்றது. கிளினிக்குக்குப் போனார், ரெலிபோன் எடுத்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார், பின்பு குளியலறையில் போய் நின்றார்.

வைகாசியில் கடைசிப் பரிசோதனை. சத்திரசிகிச்சை செய்த டொக்டர் ஒரு இளம் பெண், நல்ல பிள்ளை. இதற்கு மேல் பார்வை வராது என்று மெதுவாகச் சொன்னாள். இந்திராதேவி அதைத் தமிழில் சொன்னார். குணரத்தினம் தலையாட்டினார். வேலை செய்ய முடியாதவருக்கான உதவிப் பணத்துக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று டொக்டர் கம்பியூட்டர் பக்கம் திரும்பினாள். எப்போது தொடங்கியது, என்ன தெரிந்தது, எல்லாம் கேட்டாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு வர முதல் யாரிடமாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

இந்திராதேவி மொழிபெயர்த்தார்.

"இல்லையெண்டு சொல்லும்" என்றார் குணரத்தினம், உடனேயே. "ஒருத்தருக்கும் சொல்லேல்லையெண்டு சொல்லும்."

டொக்டர் விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தபடி காத்திருந்தாள். இந்திராதேவி அவள் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னார். "சொன்னவர். சனிக்கிழமை பின்னேரம் சொன்னவர். எனக்குத்தான். நான் கண் கிளினிக்கில் வேலை செய்கிறேன்."

இருபத்தெட்டு வருடம் லாசாலில் வேலை செய்த மனுசனுக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்காமல் போகுமா? குணரத்தினம் கையை நீட்டினார். அது கதிரையின் கைப்பிடியில் பட்டு, தடவித் தடவி இந்திராதேவியின் முழங்கைக்கு வந்தது.

"ஏன் சொன்னனீர்?" என்றார். "நான்தானே இல்லையெண்டு சொல்லச் சொன்னனான்."

"நீங்கள் ஆரோ தெரியாத ஆளா இருந்திருந்தா, அண்டைக்கு அந்த மூண்டு கேள்வியையும் கேட்டிருப்பன்" என்றார் இந்திராதேவி.