சித்தியின் காலும் கோட்டாற்று டாக்டரம்மாவும்

ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பயணம் இல்லை இது. போன ஜூலையில், மயிலாடியில் தனியாக இருக்கும் என் ரோஸ்லின் சித்தி போனில், "காலு கொஞ்சம் நோவுது மக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். சித்தி 'வேற ஒண்ணுமில்ல' என்றால் நிறைய இருக்கிறது என்று பொருள். அன்றே டிக்கெட் போட்டேன்.

எழும்பூரில் மாலை ரயில் ஏறினால் விடிந்ததும் ஆரல்வாய்மொழி. ஜன்னலைத் திறந்தால் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஏழரைக்கு நாகர்கோவில். அங்கிருந்து மயிலாடி ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் உண்டு, நான் அவசரக்காரி, ஆட்டோ பிடித்தேன்.

சித்தியின் இடது கால் சுண்டுவிரலில் கற்சில்லு குத்திய புண். சிலை கொத்தும் ஊரில் தெருவெல்லாம் சில்லுதான். இரண்டு மாதமாக ஆறவில்லை, சுகர் வேறு. முன்பு பார்த்த டாக்டர், "மாத்திரை ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று அதட்ட, இவள் "எடுக்கேன் சார்" என்றிருக்கிறாள். அவர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் கோட்டாற்றில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். "பத்து மணிக்கு முந்திப் போயிரணும் அக்கா, பின்னே கோட்டாத்துக்குள்ள வண்டி அனங்காது" என்றார் ஆட்டோக்காரர். நாங்கள் கிளம்பவே பிந்திவிட்டது; சொன்னபடியே கடைத்தெருவில் மாட்டிக்கொண்டோம். மருத்துவமனை மாடியில்; கீழே பாத்திரக்கடை.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். முதலில் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சித்தியின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். சித்தி கூசிப்போனாள்.

"நெறய பேரு மாத்திரய பாதியில நிறுத்திருவாவ. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம். ஒங்களுக்கு என்னம்மா காரணம்?"

எடுக்கிறாயா என்று கேட்டிருந்தால் சித்தி மறுபடி பொய் சொல்லியிருப்பாள். இதற்குப் பொய் சொல்ல இடமே இல்லை. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஈஸ்டருக்கு முந்தி சுகர் நார்மலுக்கு வந்துட்டு. ஆண்டவர் சொகமாக்கினார்னு சபையில எழும்பி சாட்சி சொல்லிட்டேன். பின்னே மாத்திரை எடுத்தா அது அவிசுவாசம் இல்லியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் போகப்போகிறது, இவள் சாட்சியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்! வாயைத் திறந்தேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க மாத்திரை எடுக்கத யாரும் பாத்திருவாவன்னு பயமாம்மா?"

"ஆரும் பாக்கண்டாம். அவருக்குத் தெரியுமே."

டாக்டரம்மா காலை மெல்லத் தடவியபடி, "இந்தக் கால் படுத பாடும் அவருக்குத் தெரியும்லாம்மா" என்றார்.

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாங்க டாக்டரம்மா, எடுக்கேன்" என்றாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் 'மாத்திரை எடுத்தியா?' என்று போனில் மிரட்டியதைத் தவிர நான் வேறென்ன கேட்டேன்? மூன்று வாரம் தங்கி, கட்டு மாற்ற அழைத்துப் போனேன். புண் ஆறத் தொடங்கியது. விரலை எடுக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று இருவரும் வயிறார மீன்கறிச் சோறு சாப்பிட்டோம்.

பெரியவர்களை இப்படி அழைத்துப் போகிறவர்களுக்கு: மயிலாடியிலிருந்து போய்வர ஆட்டோ அறுநூறு ரூபாய், காத்திருப்பும் சேர்த்து. ஒன்பதுக்குள் கிளம்புங்கள். பழைய மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போடுங்கள், எண்ணிப் பார்த்துச் சண்டை போடாதீர்கள். உள்ளே போனதும் நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.

நான் ஊர் திரும்பும் முன் வந்த ஞாயிறு, சித்தி கட்டுப்போட்ட காலோடு சபையில் எழுந்து, மாத்திரையை நிறுத்தியதையும் கோட்டாற்று டாக்டரம்மாவிடம் போய் மறுபடி எடுப்பதையும் சொன்னாள். ஆராதனை முடிந்து செருப்புப் போடும் இடத்தில் ஒரு பெண் சித்தியின் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, அந்த டாக்டரம்மா சத்தம் போடுவாவளா?"