பதினோரு மணி சிகரெட்

திருப்பூரில் ஆண்களுக்கு மாரடைப்பே வருவதில்லை. கேஸ்தான் வரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சட்டை நனைய வியர்த்துக்கொண்டு வந்து இறங்குகிறவர்கூட, நேற்றுத் தின்ற பரோட்டா சேரவில்லை என்றுதான் ஆரம்பிப்பார். வழியில் ஒரு சோடாவும் குடித்துவிட்டு வந்திருப்பார். ஈசிஜி எடுத்து, அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட் வைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து சாதாரண அறைக்கு மாற்றிய பிறகுதான் என் முறை வரும். இதய நோயாளிகளைச் சிகரெட்டிலிருந்தும் பீடியிலிருந்தும் பிரித்தெடுப்பது என் வேலை. மருத்துவமனையில் என்னைக் கவுன்சிலர் என்பார்கள். நோயாளிகள் எனக்கு வைத்திருக்கும் பெயர்கள் வேறு.

நான் வெள்ளகோவில் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். திட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் திட்ட வரும். கறுத்துப்போன நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பயந்தவன் முதலில் தேடுவதே ஒரு சிகரெட்டைத்தான். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்த வரிசையில் வார்டு வைராக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டிலில் படுத்திருக்கும்போது குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்வார்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோ ஏறுவதற்குள் தெய்வம் மறந்துபோகும். அதனால் நான் சொல்வதற்கெல்லாம் உடனே தலையாட்டுகிறவர்களை நம்புவதில்லை. என்னோடு சண்டை போடுகிறவர்கள்தான் பெரும்பாலும் விடுகிறார்கள்.

நான் சொல்ல வந்த மனிதர் தலையாட்டுகிற கட்சி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சாமளாபுரத்தில் தறி ஓட்டிய குடும்பம். இவர் நகரத்துக்கு வந்து பவர் டேபிள் போட்டிருந்தார். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை, பீஸ் என்பார்கள், வாங்கி, கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நான் வாயைத் திறக்குமுன்பே, "உட்டர்றனுங்க மேடம், இன்னியோட உட்டர்றனுங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்தபடி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவும் அவர் வார்த்தையை நம்பவில்லை என்பது உரிக்கிற வேகத்திலேயே தெரிந்தது.

எல்லாரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன்: ஒரு நாளில் பிடிக்கிற சிகரெட்டுகளில் எதை விடுவது கஷ்டம்? காலையில் எழுந்ததும் பிடிப்பதைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பதினோரு மணி சிகரெட் என்றார். பனியன் கம்பெனிக்குள் யாரும் பற்றவைக்க முடியாது. பஞ்சும் துணியும் கிடக்கிற இடத்தில் ஒரு பொறி போதும். ஆகவே டீ டைம் வந்தால் தெருவே பேக்கரி வாசலுக்கு வந்துவிடும். ஒரு கையில் டீ, ஒரு கையில் சிகரெட். இவருக்குத் துணி கொடுக்கும் கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜரும் அங்கேதான் வந்து நிற்பார். ஆபீசில் உட்கார்ந்து பேசுவது ஒப்புக்கு. அடுத்த லாட் துணி யாருக்கு என்பது பேக்கரி வாசலில் முடிவாகும். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் தலையாட்டவில்லை. நான் குறித்துக்கொண்டேன், ஆனால் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் மதியம் போனபோது கட்டில் காலியாக இருந்தது. குளியலறைக் கதவுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காவல் தெய்வம் மாதிரி நின்றிருந்தார். கதவிடுக்கில் சிகரெட் வாசனை. காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்கிறவர், நோயாளிக்கு இளவயதிலிருந்து நண்பர், எல்லாருக்கும் பாய் என்று பின்னால் தெரிந்தது. அப்போது எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. கதவைத் தட்டினேன். ஏலக்காயை மென்றபடி வெளியே வந்தவரைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. மரியாதையெல்லாம் காற்றில் போக, இருவரையும் சேர்த்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன்.

பாய் திகைத்துப்போனார். "கேஸ்னுதானேம்மா சொன்னாங்க" என்றார். "ரெண்டு நாளா வயிறு எறங்கலைன்னான். ஒண்ணு இழுத்தா எறங்கிரும்னு நாந்தான் வாங்கியாந்தேன்." மேசையில் அவர் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பும் இரண்டு சோடா பாட்டிலும் இருந்தன. நண்பனுக்கு வயிற்றில் காற்று என்று முழுமனதாக நம்பி, வைத்தியத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். எனக்குக் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. நோயாளியைக் கேட்காமல் அவர் நோயை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. நாக்கைக் கடித்துக்கொண்டு, பாயைக் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

கதவைச் சாத்தியதும் நோயாளி கட்டிலில் உட்கார்ந்தார். மாத்திரை வாங்கப் போயிருந்த அவர் மனைவியும் திரும்பி வந்து ஓரமாக நின்றார். விஷயத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொந்தக்காரர்கள், தையல்காரர்கள், கம்பெனி, பாய் எல்லாரிடமும் கேஸ் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நெஞ்சு என்று தெரிந்தால் கம்பெனி துணி கொடுக்காது. கப்பல் ஏறுகிற சரக்கு. பாதியில் ஆள் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குக் குடும்பமே சேர்ந்து சோறு வடித்துக்கொண்டிருந்தது.

பேக்கரிக்குப் போனால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டேன். அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தார். இத்தனை வருடம் எல்லாரோடும் நின்று ஊதியவன் வெறும் டீயோடு நின்றால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "ஒண்ணே ஒண்ணுங்க மேடம். பதினோரு மணிக்கு மட்டும். பாக்கறவங்களுக்காவ" என்றார்.

இந்த வேலையில் எத்தனையோ சாக்குகளைக் கேட்டிருக்கிறேன். இதைச் சாக்கு என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஆசைக்குப் பிடிக்கிறவருக்கு மாற்று உண்டு. மருத்துவர் அனுமதித்தால் மெல்லுவதற்கு ஒன்றைக் கொடுக்கலாம், கவனத்தைத் திருப்பலாம். ஊருக்காகப் பிடிக்கிறவருக்கு என்னத்தைக் கொடுப்பது? அந்த ஒன்று ஒன்றாகவே நிற்காது என்பது எனக்குத் தெரியும். புது ஸ்டென்டோடு இவர் பேக்கரி வாசலில் நின்று மெல்ல மெல்லச் சாகப்போகிறார்.

அப்போதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "பீஸ் வரட்டுங்க. வந்தா எறக்கி வெக்க ஆளு வேண்டாங்களா?"

நோயாளி மனைவியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாயை வரச் சொல்லுங்க என்றார். நான் வெளியே போகிறேன் என்றதற்கு, கூடவே இருக்கச் சொன்னார்.

பாயிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பாய் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து வாழைப்பழத்தின் பக்கத்தில் வைத்தார். எங்கிட்டயுமா மாப்ள என்று கேட்டார். பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையால்தான் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வார்டில் இருந்த மீதி நாட்களில் நாங்கள் ஒத்திகை பார்த்தோம். இது என் பழக்கம். வெளியே சொல்ல வேண்டியதை உள்ளேயே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பாய் மேனேஜராக நடித்து, விரலையே சிகரெட்டாக நீட்டுவார். இவர் மறுக்க வேண்டும். முதலில் தொண்டை சரியில்லை என்றார். தொண்டை ஒரு வாரத்தில் சரியாகிவிடுமே என்றேன். ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதாகச் சொல்லலாம் என்று யோசனை சொன்னவர் பாய்தான். சித்திரை வெயிலில் யார் மாலை போடுவார்கள் என்று கேட்டு அந்த அம்மாவே சிரித்துவிட்டார். எல்லாப் பொய்யையும் போட்டுப் பார்த்தோம். எதுவும் ஒரு மாதம் தாங்காது. உண்மையைச் சொல்லிப் பாருங்கள் என்றபோது மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. வராமலேயே டிஸ்சார்ஜ் ஆகிப் போனார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பேக்கரி வாசலில் நடந்ததைப் பாய்தான் எனக்குப் போனில் சொன்னார். துணைக்கு நிற்பதற்காகவே கடையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மேனேஜர் வழக்கம்போல ஒரு சிகரெட்டை நீட்டியிருக்கிறார். இவர் டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வேண்டாங்க. எனக்கு ஹார்ட்டுங்க, ஸ்டென்ட் வெச்சிருக்குது" என்று சொல்லிவிட்டார். மேனேஜர் நீட்டியதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தோளைத் தொட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். அன்று வீட்டில் கேசரி கிண்டினேன்.

கேசரி கிண்டியது அவசரம். அடுத்த லாட் வேறு பவர் டேபிளுக்குப் போனது. அதற்கடுத்ததும் போனது. யாரும் காரணம் சொல்லவில்லை. நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணா என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் ஊரில் வயிற்றில் அடிப்பதையும் மரியாதையாகத்தான் செய்வோம்.

டிஸ்சார்ஜ் ஆனவர்களை விடாமல் போனில் கூப்பிட்டுக் கேட்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. வார்டில் விட்டவர்களில் பலர் வீட்டில்தான் தடுக்கி விழுவார்கள். இவரைக் கூப்பிட மட்டும் எனக்குக் கை வரவில்லை. அவருடைய பயம் சரியான பயம். நான்தான் அதை மீறச் சொன்னவள். ஒருவழியாக மனதைக் கல்லாக்கிக்கொண்டு கூப்பிட்டேன்.

"பீஸ் நின்னுபோச்சுங்க மேடம். நாஞ்சொன்னனல்லங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. பாதி மிஷினை நிறுத்திவிட்டதாகவும், பாய் கொடுக்கிற உள்ளூர் சரக்கை வைத்து மீதி ஓடுவதாகவும் சொன்னார். நான் எதையெதையோ விசாரித்தேன். மாத்திரை, நடை, வீட்டம்மாவின் சௌக்கியம். கேட்கவேண்டிய கேள்வியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே போனேன்.

"நீங்க கேக்க வேண்டியத இன்னும் கேக்கலீங்களே" என்றார் அவரே.

கேட்டேன்.

"இல்லீங்க. பீஸ் போச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு கடைக்குத்தான் போனனுங்க. ஒரு சிகரெட் வாங்கிக் கையிலயும் வெச்சுட்டேன். அப்பறம் பாத்தா, இனி ஆருக்குங்க காட்டறது? கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு ஊட்டுக்கு வந்துட்டனுங்க."