மாத்திரை போட்டாச்சா?

எங்கள் தையல் பட்டறையில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வாயும் அப்படி, கையும் அப்படி. துணி வெட்டுவது அவள் வேலை. கத்தையாகத் துணியை அடுக்கி, மேல் துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரே மூச்சில் வெட்டிவிடுவாள். கோடு பிசகினால் அத்தனை சட்டையும் பாழ். பக்கத்து மேசையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிற நான் அவள் பேச்சைக் கேட்டே பாதி நாளை ஓட்டுவேன்.

பள்ளிச் சீருடைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. பள்ளி திறப்பதற்கு முந்தின மாதங்கள்தான் எங்களுக்கு சீசன், பட்டறை தலைகீழாக நிற்கும். யாருக்கும் ஒழுங்கான தூக்கம் கிடையாது. டீயாகக் குடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டு தைப்போம். பள்ளி திறந்ததும் பட்டறையைக் கொஞ்ச நாள் மூடிவிடுவார்கள். அப்புறம் எல்லோரும் அவரவர் வீட்டில் சுருண்டு கிடப்போம். என்னை என் மகள் எழுப்பி உட்கார வைத்துச் சாப்பாடு போட்டதெல்லாம் உண்டு.

இது அவள் புருஷனுக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து லாரியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த மனுஷன். முதுகுவலி வந்து வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு வந்த வருஷம்தான் ஒரு சீசனை முழுசாகப் பார்த்தார். பெண்டாட்டி தூங்காமல் அலைகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். அடுத்த மாதமே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அவர் ஆடிப்போய்விட்டார்.

பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணனுக்கு நிஜமாகவே மனநோய். தான் கோடீஸ்வரன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுச் சாமான்களைத் தெருவில் போகிறவர்களுக்கு வாரி வழங்கியவர், பிறகு சாகப்போகிறேன் என்று நின்றவர். மாத்திரைதான் அவரை இன்றைக்கும் உயிரோடு வைத்திருக்கிறது. அதனால் மாத்திரையைப் பழித்து நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

என் கோபமெல்லாம் அவர் அவளைக் கூட்டிப்போன டாக்டர் மேல்தான். வெளியே அத்தனை கூட்டம். புருஷன் சொன்னார், டாக்டர் கேட்டார், அண்ணனுக்கு இருக்கிற அதே பைபோலார் என்று எழுதி மாத்திரையும் கொடுத்துவிட்டார். மனசு கொஞ்ச நாள் எகிறுமாம், கொஞ்ச நாள் அமுங்குமாம். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளோ களைத்துக் கிடந்தவள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாலும் அழுதாலும் இந்தப் பெயரை ஒட்டிவிடுவது இப்போது எங்கே பார்த்தாலும் நடக்கிறது.

பட்டறை மறுபடி திறந்தபோது அவள் கை நடுங்கியது. மாத்திரையால் வந்த நடுக்கம். கோடு வளைந்து வளைந்து போனது. துணி வீணானதும் முதலாளி அவளைப் பொத்தான் தைக்க உட்கார வைத்தார். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது வேறு.

"வீட்ல என் பேச்சுக்கு மதிப்பே இல்லக்கா. குழாய் ஒழுகுது, சரி பண்ணுங்கன்னு கத்துறேன். அவரு என் கண்ணையே உத்துப் பாக்குறாரு. 'மாத்திரை போட்டாச்சா?'ங்கிறாரு. பையனும் அதையேதான் கேக்குறான். குழாய் இன்னும் ஒழுகிக்கிட்டுதான் இருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

அடுத்த சீசன் வந்தது. ஒரு நாள் மத்தியானம், அவள் மறந்துவிட்டு வந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு புருஷன் பட்டறைக்கே வந்தார். அவர் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. இஸ்திரி போடுகிறவர் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார். காலர் வைக்கிறவள் நூல் அறுந்ததற்கு அழுதுகொண்டிருந்தாள். முதலாளி போனில் யாரையோ திட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை பேருக்கும் கண் சிவந்து கிடந்தது. வாயைத் திறக்காமல் குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் அவர் பெண்டாட்டி ஒருத்திதான்.

"என்னக்கா, எல்லாரும் இப்படி இருக்கீங்க?" என்றார் என்னிடம்.

"சீசன்னா இப்படித்தான் தம்பி. அந்த அட்டைய இங்க குடுங்க, ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கறோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார். வேலையைக் கேட்டார், தூக்கத்தைக் கேட்டார், சீசன் இல்லாத மாதங்களில் எப்படி இருப்பாய் என்று கேட்டார். பிறகு இருவரையும் உட்கார வைத்து, "எனக்கு இது அந்த நோய் மாதிரி தெரியல. ஆனா நீங்களா மாத்திரைய நிறுத்தக் கூடாது. நான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன், பாத்துக்கிட்டே இருப்போம்" என்றாராம்.

மாதக்கணக்கில் ஆனது. நடுக்கம் நின்றது. வெட்டும் மேசைக்குத் திரும்பினாள். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. மாத்திரை போன பிறகும் அவர் வீட்டில் அடிமேல் அடி வைத்துத்தான் நடந்தார். அவள் என்ன சொன்னாலும் சரிம்மா, எதற்குக் கோபப்பட்டாலும் சரிம்மா.

"டாக்டரம்மா விட்டுட்டாங்க, இவரு இன்னும் விடலக்கா" என்றாள். அவளுக்காக எனக்கு அழுகையே வந்தது.

ஒரு நாள் காலையில் கண்ணெல்லாம் வீங்கி வந்து நின்றாள். நான் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நேத்து பெரிய சண்டைக்கா. பையனை எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்குறதுன்னு. நான் கத்துனேன். அவரும் பதிலுக்குக் கத்துனாரு. 'நீ சொல்றது தப்பு, சுத்தத் தப்பு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு."

"சரி விடு, புருஷன் பெண்டாட்டின்னா..."

"இல்லக்கா." சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது. "தப்புன்னு சொன்னாருக்கா. நோய்னு சொல்லல."