ஒந்தினாவின் வேகம்

சோலோமாவில் எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு பலகை தொங்கும். நிர்வாகம் கேட்ட சட்டைகளில் எத்தனை சதவீதம் முடித்தோம் என்று அதில் எண் எரியும். அதற்குப் பெயர் செயல்திறன். அந்தச் சொல் எங்களோடு பஸ் ஏறி ஊருக்குள்ளும் வந்துவிட்டது.

"உன் புருஷன் செயல்திறன் எத்தனைடி?" என்பாள் எங்கள் வரிசை நோல்வியா, பக்கத்தில் இருப்பவளிடம்.

"சம்பள நாள்ல மட்டும் கொஞ்சம் ஏறும்."

பஸ்ஸே சிரிக்கும்.

எங்கள் வரிசையில் சட்டைக்குக் கை பொருத்துகிறவள் ஒந்தினா. அவளைப்போல வேகம் யாருக்கும் இல்லை. கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டாமே என்று தண்ணீரே குடிக்கமாட்டாள். அவளுடைய படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அவளுக்கு அதில் பெருமைதான். கணவன் விட்டுப்போனவளை வேறு யார் பாராட்டினார்கள்?

ஒருநாள் இன்ஜினியர் பவோன் ஸ்டாப்வாட்சோடு அவள் பின்னால் வந்து நின்றார். "எப்பவும் போல தைங்க ஒந்தினா," என்றார். அவர் பார்க்கிறார் என்றதும் அவள் உயிரைக் கொடுத்துத் தைத்தாள். அடுத்த திங்கட்கிழமை அந்த வேகமே எல்லோருக்கும் அளவானது. பலகையில் எங்கள் எண் பாதிக்குச் சரிந்தது. ஊக்கத்தொகை நின்றது.

"நல்லா தைச்சடி," என்றாள் நோல்வியா. "எங்க கழுத்துக்கும் சேர்த்துச் சுருக்கு தைச்சுட்ட."

ஒந்தினா இன்னும் வேகமாகத் தைத்தாள். எல்லோருடைய குறையையும் தானே ஈடுகட்டப் பார்த்தாள். மழைக்காலம் முடிவதற்குள் வலது தோள் இறுகிப்போனது. தொழிற்சாலை மருத்துவர் மாத்திரை கொடுத்து இயந்திரத்துக்கே திருப்பி அனுப்பினார். அவள் முன்னால் சட்டைகள் குவிய, வரிசையில் அவளுக்கு அடுத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் நோல்வியாதான் மேற்பார்வையாளரிடம் போனாள்.

"அவளை மாத்துங்க சார். எங்க செயல்திறன் அவளாலதான் விழுது."

முதலில் நூல் வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். பிறகு அந்த வேலையும் போனது.

வேலை கேட்டு வேறு தொழிற்சாலைகளுக்குப் போனாள். அங்கெல்லாம் வாசலிலேயே, "ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கு" என்கிறார்கள். ஒரு கை மேலே போகும். இன்னொன்று மார்போடு நின்றுவிடும். "அடுத்த ஆள்" என்பார்கள்.

போன மாதம் அவள் மகள் ஜெய்மி பள்ளியை விட்டுவிட்டு எங்கள் வரிசையில் சேர்ந்தாள். முதல்நாள் விடிவதற்குள், இருந்த பீன்ஸ் பயறை மசித்து, ரொட்டியில் வைத்து ஒற்றைக் கையால் மடித்துக் கொடுத்தாள் ஒந்தினா. ஜெய்மியை அழைத்துப்போக நான் வாசலில் நின்றேன்.

"மெதுவா தை, கண்ணு."

"மெதுவா தைச்சா வெளிய அனுப்பிடுவாங்கம்மா."

"அப்போ வேகமா தை," என்றாள். உடனே, "வேண்டாம், வேண்டாம்," என்று மகளின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஹாரன் அடித்தது. ஜெய்மி அந்த விரல்களை மெல்லப் பிரித்துவிட்டு என்னோடு ஓடிவந்தாள்.