கிளட்ச் மாற்றியதை அத்தானிடம் சொல்லவில்லை

இன்று காலை எலும்பு வார்டில் அத்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"வண்டிய ஒடச்சிட்டேன் மாப்ள. மனசுல வச்சுக்காத."

(இடது தொடையில் கம்பி வைத்துப் படுத்திருப்பவர் அவர். வண்டிக்கு ஹேண்டில்பார் மட்டும்தான் வளைந்தது.)

அத்தான் என் அக்கா வீட்டுக்காரர். சின்னக்கானலில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார், தற்காலிகம்தான். சர்க்கார் டிரைவர் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸாகிவிட்டார். அடுத்த மாதம் ரோடு டெஸ்ட். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

என்னுடையது மலைப்பாதையில் ஓட்டுகிற டிரெயில் பைக். இறக்கத்தில் கியரைக் குறைத்தால் எஞ்சின் வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கும், பின்சக்கரம் குதிக்கும். இடுப்பு கழன்றுவிடும்.

போன மாதம் நல்லேப்பிள்ளிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்லிப்பர் கிளட்ச் மாட்டினேன். எஞ்சின் ரொம்ப இழுத்தால் அது கொஞ்சம் நழுவிக்கொடுக்கும். வண்டி குதிக்காமல் இறங்கும்.

எனக்கு அதுவும் போதவில்லை. இன்னும் லூசாக்கச் சொன்னேன்.

"இதுக்கு மேல லூசாக்குனா எறக்கத்துல பிடி இருக்காதுங்க. பிரேக்கை நம்பித்தான் எறங்கோணும்" என்றார் மெக்கானிக்.

"நாந்தான ஓட்டப்போறேன்" என்றேன். பெரிய ஆள் மாதிரி.

எங்கள் எஸ்டேட்டில் யாரும் பிரேக்கை நம்பி இறங்குவதில்லை. மழையில் நனைந்துவிட்டால் அது பேருக்குத்தான். பெட்ரோலும் மிச்சம் என்று சாவியை ஆஃப் செய்து, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு விடுவோம். ஓடாத எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அத்தான் இருபது வருடமாக அப்படித்தான் இறங்குகிறார்.

போன வாரம் நல்ல மழை. ஏலக்காய் மூட்டை எடுத்துவர என் வண்டியைக் கேட்டார். சாவியைக் கொடுத்தேன். கிளட்ச் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. (போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

மூட்டையோடு இறங்கும்போது கிளட்ச் நழுவி, ஃபர்ஸ்ட் கியர் வண்டியைப் பிடிக்கவில்லை. நனைந்த பிரேக்கும் பிடிக்கவில்லை. வளைவு தாண்டி ஓடைக் கல்லில் போய் விழுந்தார்.

இன்று அவர் மன்னிப்புக் கேட்டதும் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அத்தான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அதான் பிடிக்கலயா? எனக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சுன்னு நெனச்சேன்டா. இந்த லட்சணத்துல டெஸ்ட்டுக்கு வேற போகணுமான்னு படுத்துக் கெடந்தேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்க அக்காட்ட சொல்லிராத. அவ ஒன்ட்ட மொகங் குடுத்துப் பேசமாட்டா" என்றார்.

வெளியே வந்தேன். அக்கா டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் டெஸ்ட்டுல கிளட்ச்ச மிதிச்சிருவாருல்ல டாக்டர்?"

ஆறு மாதமாவது ஆகும் என்றார் டாக்டர். அக்கா மறுபடியும் அதையே கேட்டாள்.

மாற்றின வண்டியை இன்னொருவர் கையில் கொடுத்தால், மாற்றினதைச் சொல்லிக் கொடுங்கள். அரை நிமிஷம் ஆகாது.

அக்கா, நீ இதைப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அத்தானுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் பேசுகிறார்கள். அவர் சரியாகத்தான் ஓட்டினார்.