அடைக்கோழியின் மூன்று நாள்

துறைமுகத்து எண்ணெய்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவருக்கு அடைக்கோழி என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்பதில் இன்றும் தகராறு உண்டு. பெயரில் தவறில்லை. கப்பல் எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்தால் கிருமி பெருகும். எண்ணெய் புளித்துப் பேரிங்கை அரிக்கும். எஞ்சின் நடுக்கடலில் படுத்துக்கொள்ளும். எண்ணெயில் தோய்த்த சோதனைப் பட்டையை மூன்று நாள் வெதுவெதுப்பில் வைத்தால், கிருமி இருந்தால் சிவப்புப் புள்ளி முளைக்கும். அதற்கென்று இருந்த சூட்டுப்பெட்டி செத்து நான்கு வருடம். புதிதுக்குப் போட்ட விண்ணப்பம் மேலிடத்தில் சுகமாகத் தூங்கியது. அதனால் பட்டையைக் குழாயில் அடைத்து வயிற்றோடு கட்டிக்கொண்டு திரிந்தார். தன் வியர்வையை யாரும் குறை சொல்லிவிடக்கூடாதே என்று எண்ணெய் படாத பட்டை ஒன்றும் இன்னொரு குழாயில் துணைக்கு இருக்கும்.

இந்த முறை கட்டியிருந்தது மகள் ஏறவேண்டிய கப்பலின் எண்ணெய். இளநிலை எஞ்சினியர் வேலைக்கு இரண்டு வருடம் நடையாய் நடந்து அவள் வாங்கிய இடம். கப்பல் நின்றால் ஆட்களைக் கலைத்துவிடுவார்கள். அவள் மறுபடி வரிசையின் வாலில் நிற்கவேண்டும். கிளம்பி எஞ்சின் படுத்தாலோ, அதன் பக்கத்தில் நிற்கப்போவதும் அவள்தான். எண்ணெய் அழுகின முட்டை வாடை அடித்தது. ஒன்றும் முளைக்கக்கூடாதென்று வாழ்நாளில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார். அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"ரெண்டும் நல்லா உதைக்குதா?" என்று கேட்டபடி மனைவி தட்டை வைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சமையலறை ஜன்னலோரம் குழாய்களைத் திறந்தார். எண்ணெய் படாத பட்டை சுத்தமாக இருந்தது. மற்றதில் தட்டம்மை போட்டதுபோல ஒரே சிவப்பு.

"வேற யாரும் பாக்கலையே?" என்றாள் மனைவி மெதுவாக.

"நான் பாத்துட்டேனே."

அவள் துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

எண்ணெய் முழுவதையும் இறக்கி, தொட்டியைக் கழுவி மாற்றும்வரை கப்பல் புறப்படக்கூடாது என்று அறிக்கை எழுதினார். நாலு வரிக்கு அரை மணி நேரம் பிடித்தது.

வாசலில் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்த மகள் காகிதத்தை எடுத்து இரண்டு தடவை படித்தாள். பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"சொல்லும்மா."

"கையெழுத்துப் போடலையே நீங்க" என்று பேனாவை அவர் கையில் கொடுத்தாள்.